புது வீடு போறீங்களா? சாவியோடு சேர்த்து மின் இணைப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்க!

வீடு மாறுவது என்றதும் நம் மனசில் முதலில் வருவது வேன் வாடகை, பால் காய்ச்ச நல்ல நாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் மாற்றம். கரண்ட்? சுவிட்சைப் போட்டால் லைட் எரியுது, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம். ரெண்டு மாசம் கழித்து, முன்னாடி குடியிருந்தவர் ஓட்டிய ஏ.சி.க்கும் சேர்த்து பில் நம் தலையில் விழும்போதுதான் விஷயம் புரியும். இல்லையென்றால், பில் தகவல் பழைய குடித்தனக்காரரின் போனுக்கே போய்க்கொண்டிருக்க, கெடு தாண்டியது நமக்குத் தெரியாமல் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அரை மணி நேர வேலையை முதல் வாரத்தில் செய்யாததால் வருகிற தலைவலி இது.

ஒரு அடிப்படையை முதலில் தெரிஞ்சுக்கலாம். கேஸ் இணைப்பு ஆளோடு போகும். மின் இணைப்பு அப்படியில்லை, அது வீட்டோடு இருக்கும். நீங்கள் தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போனால் பழைய இணைப்பு தாம்பரம் வீட்டுச் சுவரிலேயே இருக்கும். திருச்சி வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பில் நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்கிறீர்கள். வாடகை வீடு என்றால் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும், பில் கட்டுவது நீங்கள். இந்த ஏற்பாட்டில் தப்பு இல்லை. ஆனால் பெயர் ஒருவருடையது, பயன்பாடு இன்னொருவருடையது, போன் நம்பர் மூன்றாவது ஆளுடையது என்று இருப்பதால்தான் குழப்பமே வருகிறது.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். 1957-இல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம், 2010-இல் பிரிக்கப்பட்டு விநியோகப் பணி 'டான்ஜெட்கோ'விடம் வந்தது. 2024-இல் அது 'தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்' என்று மாறியது. பழைய ரசீது, புது ரசீது, செயலி எல்லாவற்றிலும் வெவ்வேறு பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். நம் வாயில் இன்னும் 'இ.பி. ஆபீஸ்'தான். இந்தக் கட்டுரையிலும் மின்வாரியம் என்றே சொல்லிக்கொள்வோம்.

எண்ணைப் பிடியுங்கள், மீட்டரையும் பிடியுங்கள்

வீட்டு உரிமையாளர் சாவி தரும்போதே மின் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். பழைய ரசீதிலோ, வெள்ளை நிற மின் கணக்கீட்டு அட்டையிலோ இருக்கும். பல வீடுகளில் மீட்டர் போர்டிலேயே பெயின்ட்டால் எழுதியிருப்பார்கள். நீளமான எண்தான், ஆனால் அதற்குள் ஒரு முகவரி இருக்கிறது. முதல் 2 இலக்கம் மண்டலம் (01 என்றால் வட சென்னை, 05 மதுரை, 09 தென் சென்னை). அடுத்த 3 இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகம். அதற்கடுத்த 3 பகிர்மானம். கடைசியில் வருவதுதான் உங்கள் வீட்டு இணைப்பு. ஒரு இலக்கம் மாறினால் பக்கத்துத் தெருக்காரர் பில்லை நீங்கள் கட்டிவிடுவீர்கள். அதனால் யு.பி.ஐ. செயலியில் எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயர் வீட்டு உரிமையாளர் பெயர்தானா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

தனி வீடு என்றால் மீட்டர் வாசலிலேயே இருக்கும், சந்தேகம் வராது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். உங்களுடையது எது? "மூணாவது சார்" என்று வாட்ச்மேன் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு எளிய சோதனை இருக்கு. வீட்டுக்குள் ஒருவரை நிறுத்தி மெயின் சுவிட்சை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கீழே மீட்டர் முன்னால் நில்லுங்கள். மின்சாரம் ஓடும்போது மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். வீட்டில் மெயினை அணைத்ததும் எந்த மீட்டரில் அந்த மினுக்கல் நிற்கிறதோ அதுதான் உங்களுடையது. திரும்பப் போட்டு, மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ ஓடவிட்டால் மினுக்கல் வேகமாகும். அந்த மீட்டர் எண்ணும் உங்கள் ரசீதில் இருக்கும் மீட்டர் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒத்துப்போகவில்லையா? எதிர் வீட்டுக்காரர் பில்லை நீங்களும், உங்கள் பில்லை அவரும் வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. மீட்டரின் சீலைத் தொடாமல், போட்டோ எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து நீங்களே வயரை மாற்றிக்கொள்வது வேண்டாம். சீல் உடைந்திருந்தால் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

குடிபுகும் நாளில் ஒரு போட்டோ

சாமான் இறக்குவதற்கு முன், மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். இப்போது இருக்கும் மின்னணு மீட்டர்களில் திரை மாறிக்கொண்டே இருக்கும். தேதி வரும், நேரம் வரும், வேறு ஏதேதோ எண் வரும். ஓரத்தில் 'கே.டபிள்யூ.எச்.' என்று காட்டும்போது வருகிற எண்தான் யூனிட். அந்த நொடியில் எடுக்க வேண்டும். அதை உடனே உரிமையாளருக்கும், முடிந்தால் காலி செய்பவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "அண்ணா, இன்னிக்கு ரீடிங் இது" என்று ஒரு வரி போதும். தேதியோடு பதிவாகிவிடும்.

ஏன் இவ்வளவு முக்கியம்? வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. நீங்கள் குடிபுகும் நாளும் ரீடிங் எடுக்கிற நாளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் நடுவில் போய்த்தான் மாட்டுவீர்கள்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். போன தடவை ரீடிங் எடுத்தபோது மீட்டரில் 14,250. பழையவர் காலி செய்து நீங்கள் வந்த நாளில் 14,470. அடுத்து ரீடிங் எடுத்தபோது 14,610. மொத்தம் 360 யூனிட். இதில் 220 அவருடையது, 140 உங்களுடையது. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.35 வீதம் 235 ரூபாய். மீதி 160-க்கு ரூ.4.70 வீதம் 752 ரூபாய். ஆக பில் 987 ரூபாய். (2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, அரசு மானியம் போக நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. கட்டணம் மாறினால் தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.)

இதை எப்படிப் பிரிப்பது? சிலர், "முதல் 220 என்னுது, அதுல 100 இலவசம், அதனால எனக்கு ரொம்பக் கொஞ்சம்தான்" என்பார்கள். அப்படிப் பார்த்தால் பின்னால் வந்தவருக்கு உயர்ந்த விலை யூனிட் மட்டுமே மிஞ்சும். அது நியாயமில்லை. இலவச யூனிட்டும், விலை குறைந்த யூனிட்டும் அந்த இரண்டு மாதத்துக்குப் பொது. அதனால் யூனிட் விகிதத்தில் பிரிப்பதே சரி என்பது என் கருத்து. 987-ஐ 360-ஆல் வகுத்து, அவரவர் யூனிட்டால் பெருக்கினால் அவர் பங்கு 603 ரூபாய், உங்கள் பங்கு 384 ரூபாய். காலி செய்பவரின் முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன்பே இந்தக் கணக்கை உரிமையாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரிய இணையதளத்தில் கட்டணக் கணக்கீட்டுப் பக்கம் இருக்கிறது. யூனிட்டை மட்டும் போட்டால் தொகை வந்துவிடும், கால்குலேட்டர் தட்ட வேண்டாம்.

அந்த 501-வது யூனிட்

வீட்டுக் கட்டணத்தில் பலருக்குத் தெரியாத ஒரு படிக்கட்டு 500-இல் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால்? 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! காரணம், 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த ரூ.2.35 சலுகை விலை போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70 ஆகிவிடும். முதல் 100 யூனிட் மட்டும் அப்போதும் இலவசம்தான். அது 2016-லிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் உண்டு.

இதை ஏன் வீடு மாறும் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், வாடகை வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதில் இருந்துதான் வருகிறது: "இந்த போர்ஷனுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா?"

ஒரே கட்டடத்தில் மூன்று குடித்தனம், மூவரும் தலா 200 யூனிட் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் பில் 235 ரூபாய். மூன்று பேருக்கும் சேர்த்து 705. அதே மூன்று பேரும் ஒரே இணைப்பில், உள்ளே சப் மீட்டர் வைத்து இருந்தால்? மின்வாரியத்தின் கண்ணில் அது ஒரே வீடு, 600 யூனிட். பில் 2,880 ரூபாய், ஆளுக்கு 960. அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ், நாலு மடங்கு பணம். 100 யூனிட் இலவசம் இணைப்புக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று இல்லை என்பதுதான் காரணம்.

இதற்கு மேலேயும் ஒன்று நடக்கும். "யூனிட்டுக்கு எட்டு ரூபா" என்று உரிமையாளர் ஒரு ரேட் வைத்திருப்பார். மேலே சொன்ன வீட்டில் ஆளுக்கு 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய் கேட்பார், உண்மையான பங்கு 960 ரூபாய். வந்த பில்லைவிட வசூல் கூடுதலாக இருப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மோட்டாருக்கும் மாடிப்படி லைட்டுக்கும் ஒரு பங்கு கேட்டால் அதில் நியாயம் உண்டு, அதைத் தனியாகச் சொல்லிக் கேட்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுவது. "ஒவ்வொரு முறையும் வாரிய ரசீதைக் காட்டுவோம், சப் மீட்டர் யூனிட் விகிதத்தில் பிரிப்போம்" என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இணைப்பு எண் உங்கள் கையில் இருந்தால் ரசீதை அவர் காட்டாவிட்டாலும் பில் தொகையை நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்கும்தான்.

தனித்தனி வாசலும் சமையலறையுமாகக் குடித்தனங்கள் பிரிந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு கேட்டு உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். உதவிப் பொறியாளர் நேரில் பார்த்து முடிவு செய்வார். வாடகைதாரர் என்ற முறையில் இதை உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது.

வாடகைத் தகராறு என்று வந்து, "கரண்டைக் கட் பண்ணிடுவேன்" என்று மிரட்டினால்? அதற்கு உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது. மீறினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அங்கே உங்கள் வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தால் பேச்சுக்கு வலு அதிகம்.

ரசீதில் இருக்கும் ஒரு சின்ன எழுத்து

பழைய ரசீது கிடைத்தால் கட்டண வகை என்ன என்று பாருங்கள். வீட்டு இணைப்பு என்றால் 1-ஏ. சில நேரம் அங்கே 5 என்று இருக்கும், அது வணிகப் பயன்பாடு. முன்னால் அங்கே டியூஷன் சென்டரோ, சின்ன ஆபீஸோ, தையல் கடையோ நடந்திருக்கலாம். அவர்கள் போய்விட்டார்கள், கட்டண வகை போகவில்லை. வணிக இணைப்புக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, வீட்டு விலையும் இல்லை. உரிமையாளரிடம் சொல்லிக் கட்டண வகை மாற்றத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மாற்றம் கிடைத்த பிறகுதான் புது விலை, அதனால் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே வீடுகளுக்கும் மின்சாரம் ஓடுகிறதா, உங்கள் ஃபிளாட்டுக்கு நிரந்தர இணைப்பு வந்துவிட்டதா? தற்காலிக இணைப்பின் விலை மிக அதிகம். "அடுத்த மாசம் வந்துடும் சார்" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கைப்பேசி எண், ஆதார்

பில் எவ்வளவு, கடைசி நாள் எது என்பது இப்போது குறுஞ்செய்தியாக வருகிறது. யார் போனுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். தாண்டினால் இணைப்பைத் துண்டிப்பார்கள், பிறகு தாமதக் கட்டணமும் மறு இணைப்புக் கட்டணமும் சேரும். உரிமையாளரின் ஒப்புதலோடு உங்கள் எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இணையதளத்திலோ பிரிவு அலுவலகத்திலோ செய்யலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், போன் நம்பரை மாற்ற விருப்பமில்லை என்றால், ரீடிங் எடுக்கும் மாதம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, நீங்களே போய்ப் பார்த்துக் கட்டுங்கள். போனில் ஒரு நினைவூட்டல் வைத்தால் முடிந்தது.

ஆதார் விஷயத்தில் இன்னும் பயம் இருக்கிறது. 2022 கடைசியில் தொடங்கி 2023 பிப்ரவரி 28 வரை அவகாசம் கொடுத்து வீட்டு இணைப்புகள் ஆதாருடன் இணைக்கப்பட்டது நினைவிருக்கும். அப்போது இணையதளம் மூன்று விதமாகக் கேட்டது. நீங்கள் உரிமையாளரா, வாடகைதாரரா, அல்லது உரிமையாளர்தான் ஆனால் இணைப்பு இன்னும் பழையவர் பெயரில் இருக்கிறதா? வாடகைதாரரின் ஆதாரை இணைத்தால் வீட்டின் மீது அவருக்கு உரிமை வந்துவிடாது. மின் ரசீது சொத்துப் பத்திரம் இல்லை. அதேபோல், நீங்கள் காலி செய்த பழைய வீட்டின் இணைப்பில் உங்கள் ஆதாரும் போன் நம்பரும் இன்னும் இருந்தால், உரிமையாளரிடம் சொல்லி மாற்றச் சொல்வது உங்களுக்கும் நல்லது.

சொந்தமாக வீடு வாங்கியவர்களுக்கு

பத்திரப்பதிவு முடிந்தது, பட்டா மாற்றியாச்சு, சொத்து வரியும் மாற்றியாச்சு. மின் இணைப்பு மட்டும் பத்து வருஷமாக விற்றவர் பெயரிலேயே இருக்கும். இது நம் ஊரில் சகஜம். பில் கட்டினால் கரண்ட் வருது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. பிரச்சினை பின்னால் வரும். கூடுதல் மின்பளு கேட்கும்போது, மாடியில் சூரிய சக்தித் தகடு பொருத்த விண்ணப்பிக்கும்போது, வீட்டை விற்கும்போது, "இந்தப் பெயர் யாருடையது?" என்று கேட்பார்கள். விற்றவர் அதற்குள் காலமாகியிருப்பார், வாரிசுகள் நாலு ஊரில் இருப்பார்கள்.

பெயர் மாற்றத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் உரிமைக்கான ஆதாரம் வேண்டும், கிரயப் பத்திரமோ சொத்து வரி ரசீதோ. கூடவே விற்றவரின் சம்மதக் கடிதம் இருந்தால் அவர் கட்டியிருந்த வைப்புத்தொகை உங்கள் பெயருக்கு வந்துவிடும். சம்மதக் கடிதம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. உறுதிமொழி எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். எனவே கிரயம் எழுதும் நாளில், சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றாக இருக்கும்போதே அந்த ஒரு கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த வைப்புத்தொகை செத்த பணம் இல்லை, அதற்கு ஆண்டுதோறும் வட்டி கணக்கிட்டு பில்லில் கழிக்கப்படுகிறது. வாரிசு முறையில் வீடு வந்தவர்கள் வாரிசுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், பாக்கி. "பழைய பாக்கி பழையவர் தலைவலி, எனக்கென்ன?" என்று நினைத்தால் தப்பு. பழைய உரிமையாளர் வைத்த மின் கட்டண பாக்கியைப் புது உரிமையாளரிடம் கேட்க, விதிகளில் இடம் இருந்தால், மின் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் கரண்ட் பாக்கி வராது. முன்பணம் கொடுப்பதற்கு முன் இணைப்பு எண்ணை வாங்கி, இணையத்தில் நிலுவை பாருங்கள். ஏல வீடு, பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு என்றால் பிரிவு அலுவலகத்துக்கு நேரிலேயே போய்விடுங்கள். துண்டித்து நெடுநாள் ஆன இணைப்பாக இருந்தால் அதை நிரந்தரமாக ரத்து செய்து மீட்டரையே எடுத்துப் போயிருப்பார்கள். அப்போது புது இணைப்புதான் வாங்க வேண்டும்.

புது இணைப்பு என்றால்

புதிதாக வீடு கட்டியவர்கள் இணையத்திலேயே விண்ணப்பித்து, கட்டணத்தையும் அதிலேயே கட்டலாம். 4 கிலோவாட் வரை ஒருமுனை இணைப்பு, அதற்கு மேல் மும்முனை. இரண்டு ஏ.சி., வாட்டர் ஹீட்டர், மோட்டார் எல்லாம் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே மும்முனை கேட்பது நல்லது. கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் இணைப்பு கிடைக்காதோ என்ற கவலை சின்ன வீடு கட்டியவர்களுக்கு வேண்டாம். 2024-இல் விதி தளர்த்தப்பட்டு, 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்குள், எட்டு வீடுகளுக்கு மிகாமல் உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கு அது தேவையில்லை என்று ஆனது.

எத்தனை நாளில் தர வேண்டும்? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் செய்த திருத்தப்படி, ஆவணங்கள் சரியாக இருந்தால் பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமப்புறத்தில் 15 நாள். புதுக் கம்பமோ கம்பியோ போட வேண்டியிருந்தால் கூடுதல் நாள் ஆகும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். பணம் கட்டுவது எல்லாம் இணையத்தில்தான், இடையில் யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்

பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். மெயின் போர்டில் 'ஆர்.சி.சி.பி.' என்ற கருவி இருக்கிறதா? மற்ற சுவிட்சுகளைவிட அகலமாக, 'டி' என்ற ஆங்கில எழுத்து போட்ட சின்ன பட்டனோடு இருக்கும். வாட்டர் ஹீட்டரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு ஏற்பட்டு, அதைத் தொட்டவர் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போகும் நொடியில் இணைப்பை அறுத்துவிடுவது அதுதான். வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் வகை. எம்.சி.பி. இருக்கே என்று சமாதானம் ஆகாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். பட்டனை அழுத்தினால் சட்டென்று கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. கூடவே எர்த் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வாடகை வீடாக இருந்தாலும் இதை உரிமையாளரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுத்தால், அவரிடம் சொல்லிவிட்டு நாமே போட்டுக்கொள்வதுகூட நல்லதுதான்.

காலி செய்யும்போதும், அதற்குப் பிறகும்

பழைய வீட்டை விடும் நாளில் அங்கேயும் ஒரு மீட்டர் போட்டோ. அன்று வரைக்கும் உங்கள் பங்கைக் கணக்குப் பண்ணிக் கொடுத்துவிட்டு, "மின் கட்டணம் பாக்கி இல்லை" என்று உரிமையாளரிடம் ஒரு செய்தி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அதை முன்பணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்னால், எந்த ரீடிங் வரை என்று எழுதி வாங்குங்கள்.

வீடு மாறிய நேரத்தில் மோசடிக்காரர்களிடம் மாட்டுவதும் எளிது. "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்" என்று ஒரு செய்தி வரும். பழைய வீட்டு பில்லா, புது வீட்டு பில்லா என்ற குழப்பத்தில் இருக்கும் உங்களுக்கு அது உண்மை போலவே தோன்றும். கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் வீடுகளுக்குப் பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 'போன மாத பில்' எங்கிருந்து வந்தது? வாரியத்திலிருந்து யாரும் இரவில் வந்து ஃபியூஸ் பிடுங்குவதும் இல்லை, செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொல்லி லிங்க் அனுப்புவதும் இல்லை. இணைப்பு எண்ணைப் போட்டு நீங்களே நிலுவை பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

மின்தடை, மீட்டர் கோளாறு, பில் சந்தேகம் எதுவானாலும் 24 மணி நேரமும் இயங்கும் 'மின்னகம்' எண் 94987 94987. கூப்பிடும்போது இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு அலுவலகத்திலும் மின்னகத்திலும் தீராத பில் தகராறு என்றால், உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். அங்கே கிடைத்த உத்தரவிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவோடு ரசீது நகல்களையும், குடிபுகுந்த நாளில் எடுத்த அந்த மீட்டர் போட்டோவின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.